‘லோக்கல் சப்ளையர்’னு வெளிநாட்டுக் கஸ்டமர் சொன்னா அது குறைச்சலா?

மேலோட்டமா பாத்தா ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு கேட்ட மாதிரிதான் இருக்கு, ஆனா நீங்க நிஜமா கேட்டது வேற. ஹோசூர்ல ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி, பர்ச்சேஸ்ல வேலை, ஜெர்மனிலேர்ந்து கஸ்டமர் மெயில்ல "காஸ்டிங் (உலோகத்தை உருக்கி அச்சுல வார்த்த பார்ட்) எல்லாம் லோக்கல் சப்ளையர்கிட்டதானே வாங்கறீங்க"ன்னு கேட்டிருக்கார். நீங்க "லோக்கல் ஆளுங்ககிட்ட நாங்க எதுவுமே வாங்கறதில்ல, குவாலிட்டியான கம்பெனிங்ககிட்ட மட்டும்தான்"னு பதில் போட்டிருக்கீங்க. உடனே அவர் "அப்ப எல்லாமே இம்போர்ட்டா, கப்பல்ல வர எத்தனை வாரம் ஆகும்"னு பதறிப்போய் எழுதியிருக்கார். உங்க மேனேஜர் வேற திட்டியிருக்கார். லோக்கல்னா மட்டமானதுன்னு தானே சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்தோம், அவங்க மட்டும் எப்படி அதே வார்த்தையை நல்ல விஷயமா சொல்றாங்க, கூடவே ரீஜனல், நேட்டிவ் இதெல்லாம் எப்ப போடணும், இதுதானே உங்க சந்தேகம்.

நான் கோயம்புத்தூர்ல இருபது வருஷத்துக்கு மேல எஞ்சினியர்களுக்கு பிசினஸ் இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கறேன், மெயில், ரிப்போர்ட், கால் பேசறதுன்னு எல்லாம். நீங்க பண்ணின அதே தப்பை குறைஞ்சது ஒரு நாப்பது அம்பது பேர் மெயில்ல நானே பாத்திருக்கேன், அதனால மேனேஜர் திட்டினதுக்காக மனசு ஒடையாதீங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். இங்கிலீஷ்ல அந்த வார்த்தை எப்படி நடக்குதுங்கறதை உறுதியா சொல்வேன், அது தினம் கையாளற விஷயம். தமிழ்ல அது எப்படி கீழ எறங்கிச்சுங்கறதுக்கு நான் சொல்லப்போற காரணம் என் கணிப்பு, ஆராய்ச்சி இல்ல, அந்த இடம் வரும்போது திரும்பவும் சொல்றேன்.

முதல்ல வேர். லத்தீன்ல ‘லோகஸ்’னா இடம், அவ்வளவுதான், அதுல உசத்தியும் இல்ல மட்டமும் இல்ல. அதுலேர்ந்துதான் லோக்கல், லொகேஷன், லொகேட் எல்லாம் வந்தது. ரயில் ஓட்டறவரை லோகோ பைலட்னு சொல்றோம், பெரம்பூர்ல லோகோ ஒர்க்ஸ் இருக்கு, அந்த லோகோமோட்டிவ்ங்கறதே இடத்தை விட்டு இடம் நகர்றதுன்னுதான் அர்த்தம். ராணுவத்துல லெப்டினன்ட்ங்கறாங்களே, அதோட முன்பாதி பிரெஞ்சுல ‘இடம்’ங்கற சொல்தான், மேலதிகாரி இடத்துல நிக்கறவர்னு பொருள், அதுவும் இதே லோகஸ் வழிதான். நம்ம பக்கம் இதுக்கு நேரா நிக்கற சொல் ஸ்தலம். தலபுராணம், தலவிருட்சம்னு சொல்றப்போ அந்தக் கோயிலுக்கே உரியதுன்னு எவ்வளவு மரியாதையா சொல்றோம் பாருங்க. அந்தக்கால தமிழ்ப் பேப்பர்ல லோக்கல் பாடிங்கறதை ‘ஸ்தல ஸ்தாபனம்’னுதான் எழுதினாங்க. 1882ல ரிப்பன் பிரபு வைசிராயா இருந்தப்ப கொண்டுவந்த தீர்மானத்துக்கு ‘ஸ்தல சுயாட்சி’த் தீர்மானம்னு பேரு, அவர் பேர்லதான் சென்னை மாநகராட்சி ரிப்பன் மாளிகையில உக்காந்திருக்கு. அப்பறம் அது உள்ளாட்சின்னு ஆச்சு, அழகான சொல். உள்ளாட்சித் தேர்தல்னா யாரும் மட்டமான தேர்தல்னு நெனைக்கறதில்ல, ஆனா அதே வார்த்தையை லோக்கல்னு இங்கிலீஷ்லயே வெச்சுட்டா ஒரு எளக்காரம் ஒட்டிக்குது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் வெச்சுக்கங்க. லோக்கல்ங்கற வார்த்தையைத் தனியா பாத்தா அர்த்தம் பிடிபடாது, அந்த இடத்துல அதுக்கு எதிர்ச்சொல் என்னன்னு கேளுங்க, அர்த்தம் தானா வந்து விழும். ஏன்னா இடத்துக்கு இடம் அதோட எதிரி மாறிக்கிட்டே இருக்கு.

ரயிலையே எடுத்துக்குவோம். நியூயார்க் சப்வேல லோக்கல்னா எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு போற வண்டி, எதிர்ச்சொல் எக்ஸ்பிரஸ். மும்பைக்கு வந்தா ‘ஃபாஸ்ட் லோக்கல்’, ‘ஸ்லோ லோக்கல்’னு ரெண்டு இருக்கு, நியூயார்க்காரர் காதுல ஃபாஸ்ட் லோக்கல்னு விழுந்தா அது எப்படி ரெண்டும் சேரும்னு முழிப்பார். ஏன்னா மும்பைல லோக்கலுக்கு எதிர்ச்சொல் வெளியூர் போற வண்டி, நிக்கறது நிக்காததுங்கற பேச்சே அந்த வார்த்தைக்குள்ள இல்ல, நகரத்தைச் சுத்தி ஓடறதெல்லாம் லோக்கல்தான். 1925ல அங்க மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சதுலேர்ந்து அந்த ஊரோட உயிரே அதுலதான் ஓடுது, லோக்கல்னு அவங்க சொல்ற குரல்ல ஒரு உரிமை இருக்கும். சென்னைலயும் பீச் தாம்பரம் மின்சார ரயில் 1931லேர்ந்து ஓடுது, ‘லோக்கல் ட்ரெயின்’னு நாமும் சொல்றோம், ஆனா ‘எலக்ட்ரிக் ட்ரெயின்’ங்கற பேருதான் வாய்ல அதிகம் நிக்குது.

போன் பூத் காலம் ஞாபகம் இருக்கறவங்களுக்கு இது இன்னும் சுலபமா புரியும். ஒத்த ரூபா காயின் போட்டா லோக்கல் கால், எதிர்ச்சொல் எஸ்டிடி, அதாவது வெளியூர் கால். செக்ல லோக்கல் செக்குக்கு எதிர்ச்சொல் அவுட்ஸ்டேஷன் செக், இப்ப ஸ்கேன் பண்ணியே கிளியர் ஆயிடறதால அந்தப் பேச்சு குறைஞ்சுபோச்சு. டிராவல்ஸ்ல இன்னும் "லோக்கல் ட்ரிப்பா அவுட்ஸ்டேஷனா சார்"னு கேக்கறாங்க. அப்படியே ஒரு எச்சரிக்கை, இந்த அவுட்ஸ்டேஷன் நம்ம ஊர் இங்கிலீஷ், ஆஸ்திரேலியாக்காரர்கிட்ட சொன்னீங்கன்னா ஆளில்லாத உள்நாட்டுல இருக்கற குடியிருப்புன்னு எடுத்துக்குவார், "அவுட் ஆஃப் டவுன்"னு சொல்லிட்டுப் போயிடுங்க.

ஆஸ்பத்திரில இதே வார்த்தை பண்ணின கொழப்பத்தை நேர்ல பாத்திருக்கேன். எங்க பெரியம்மாவுக்கு முதுகுல ஒரு கட்டி, சின்ன ஆபரேஷன். டாக்டர் வந்து "லோக்கல் அனஸ்தீசியா போதும், பயப்பட ஒண்ணும் இல்ல"ன்னார். பெரியம்மா மொகமே மாறிடுச்சு, டாக்டர் போனதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "காசு எவ்வளவானாலும் பரவால்லம்மா, எம்பேர்ல ஒரு பவுன் வளையல் இருக்கு, நல்ல மருந்தாவே போடச் சொல்லு"ன்னாங்க. அவங்களுக்கு லோக்கல்னா மட்ட ரகம். அன்னிக்கு அவங்க பட்ட பயம் நெசம், நம்மளை ஏழைன்னு பாத்து மட்டமான மருந்தைப் போடறாங்களோங்கற பயம், அதை நான் மறக்கவே மாட்டேன். அங்க லோக்கலுக்கு எதிர்ச்சொல் ஜெனரல். உடம்புல அந்த ஒரு இடம் மட்டும் மரத்துப்போனா லோக்கல், ஆளையே தூங்க வெச்சா ஜெனரல். 1884ல வியன்னால கார்ல் கொல்லர்ங்கற டாக்டர் கண் ஆபரேஷனுக்கு கோகெய்ன் சொட்டு விட்டு மரத்துப்போக வெச்சாரே, அதுதான் இதுக்கெல்லாம் ஆரம்பம், இன்னிக்குப் பல்லு புடுங்கும்போது போடற ஊசி வரைக்கும் அந்த வழில வந்ததுதான். மருந்தோட தரத்துக்கும் அந்த வார்த்தைக்கும் துளி சம்பந்தம் கெடையாது. டாக்டருங்க யாராவது இதைப் படிச்சா, "அந்த எடம் மட்டும் மரத்துப்போற ஊசி"ன்னு தமிழ்லயே சொல்லிடுங்க, புண்ணியமாப் போகும்.

அடுத்து ‘யாரோட இடம்’ங்கற கேள்வி. நெறைய பேர் லோக்கல்னா ‘எனக்குப் பக்கத்துல’ன்னு நெனைக்கறாங்க, அது பாதிதான் சரி. எந்த இடத்தைப் பத்திப் பேச்சு போயிட்டிருக்கோ அந்த இடத்துக்கு உரியதுன்னு அர்த்தம், பேசறவர் எங்க உக்காந்திருக்கார்ங்கறது முக்கியமில்ல. ஃப்ளைட் டிக்கெட்ல ஃப்ராங்க்ஃபர்ட் போய்ச்சேர்ற நேரம் காலைல ஏழு, லோக்கல் டைம்னு இருந்தா அது ஃப்ராங்க்ஃபர்ட் கடிகாரம், உங்க கடிகாரம் இல்ல. அதே மாதிரி ஜெர்மன்காரர் ஜெர்மனில உக்காந்துக்கிட்டு உங்க ஃபேக்டரியைப் பத்தி எழுதும்போது லோக்கல் சப்ளையர்னா ஹோசூரைச் சுத்தி, இல்லேன்னா இந்தியாக்குள்ள இருக்கற சப்ளையர், ஜெர்மனில இருக்கறவர் இல்ல. கான்பரன்ஸ் கால்ல "கால் அட் த்ரீ லோக்கல் டைம்"னு மொட்டையா எழுதாதீங்க, யாரோட லோக்கல்னு சண்டை வரும், ஊர் பேரைப் போட்டு எழுதுங்க.

சரி, எவ்வளவு தூரம் வரைக்கும் லோக்கல்? இங்க வார்த்தை கை விரிச்சுடும், அளவு அதுக்குள்ள இல்ல, சட்டமோ வழக்கமோதான் கோடு போடணும். அமெரிக்கால 2008 ஃபார்ம் பில்லுல, அதாவது விவசாயச் சட்டத்துல, சில கடன் திட்டங்களுக்காக, வெளஞ்ச எடத்துலேர்ந்து 400 மைலுக்குள்ளயோ அதே மாகாணத்துக்குள்ளயோ வித்தா அது உள்ளூர் வட்டார உணவுன்னு வரையறுத்தாங்க. 400 மைல்னா 640 கிலோமீட்டர் சொச்சம், சென்னைலேர்ந்து கிட்டத்தட்ட திருநெல்வேலி. கனடால ரொம்ப நாளா 50 கிலோமீட்டர்னு கறாரா வெச்சிருந்து, 2013ல அதே மாகாணத்துல வெளஞ்சா போதும், மாகாணம் தாண்டினா எல்லைலேர்ந்து 50 கிலோமீட்டர்னு தளர்த்தினாங்க. ரெண்டு நாடும் பக்கத்துப் பக்கத்துல, வார்த்தை ஒண்ணு, அளவு எப்படி மாறுது பாருங்க. உள்ளூர்ல வெளஞ்சதைத்தான் சாப்பிடுவேன்னு இருக்கறவங்களுக்கு ‘லோகாவோர்’னே 2005ல சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஒரு பேர் வெச்சாங்க, 2007ல ஆக்ஸ்ஃபோர்டோட அமெரிக்க அகராதி அதைத்தான் அந்த வருஷத்துச் சொல்லா எடுத்தது. அந்த மக்களுக்கு லோக்கல்னா ஃப்ரெஷ்ஷு, நம்ம விவசாயி, கப்பல்லயும் கோல்ட் ஸ்டோரேஜ்லயும் வாடாதது. எதிர்ச்சொல் ‘எங்கேர்ந்தோ வந்தது’.

உங்க வேலைக்கு ரொம்ப நெருக்கமான இன்னொரு கோடு நம்ம மத்திய அரசு டெண்டர்ல இருக்கு. ‘கிளாஸ் ஒன் லோக்கல் சப்ளையர்’, ‘கிளாஸ் டூ லோக்கல் சப்ளையர்’, ‘நான்-லோக்கல் சப்ளையர்’னு பாத்திருப்பீங்க. அரசுக் கொள்முதல்ல உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை குடுக்க 2017ல வந்த ஆணையை 2020ல திருத்தினப்ப இந்தப் பிரிவுங்க வந்தது, பொருள்ல உள்நாட்டு மதிப்பு 50 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா முதல் வகுப்பு, 20லேர்ந்து 50க்குக் கீழ வரைக்கும் இருந்தா ரெண்டாம் வகுப்பு, 20க்குக் கீழ போனா நான்-லோக்கல். இங்க ஊர் தூரமே கணக்குல இல்ல, காஷ்மீர்ல செஞ்சு கன்னியாகுமரில வித்தாலும் லோக்கல்தான், எதிர்ச்சொல் இறக்குமதி. 2020 மே மாசம் பிரதமர் ‘வோக்கல் ஃபார் லோக்கல்’னு சொன்னதும் இந்த அர்த்தத்துலதான். இப்ப உங்க மெயிலைத் திரும்பப் படிங்க. "லோக்கல் ஆளுங்ககிட்ட வாங்கறதில்ல"ன்னா அவர் காதுல "இந்தியால எதுவுமே வாங்கறதில்ல"ன்னு விழுந்திருக்கு. அவர் பதறினது ரொம்ப நியாயம்.

இனி தமிழ் லோக்கல். இதுலேர்ந்து என் கணிப்பு. ரொம்ப வருஷம் நம்ம நாட்டுல இறக்குமதிக்கு லைசென்ஸ், கட்டுப்பாடு, 1991 வரைக்கும் அப்படித்தான். வெளிநாட்டு சாமான் கெடைக்கறதே அபூர்வம். சென்னைல பர்மாவுலேர்ந்து திரும்பி வந்தவங்களுக்காக 1969ல வந்த பர்மா பஜார்ல போய் வாட்ச், சென்ட், டேப் ரிக்கார்டர்னு வாங்கிட்டு வந்து "ஃபாரின் ஐட்டம்"னு காமிச்ச தலைமுறை எங்களோடது. அப்ப எதிர்ச்சொல் ஃபாரின். ஃபாரின்னா தரம், அதனால எதிர்ல நின்ன லோக்கலுக்குத் தரமில்லைங்கற அர்த்தம் தானா ஏறிக்கிச்சு. மெக்கானிக் கடைல அது இன்னும் உயிரோட இருக்கு, "கம்பெனி ஸ்பேர் போடவா, லோக்கல் போடவா அண்ணே"ன்னு கேக்கறார்ல, அங்க எதிர்ச்சொல் ‘கம்பெனி’. அதாவது பேர் இல்லாத, பிராண்ட் இல்லாத, கேரண்டி இல்லாத சாமான். உங்க பதில்ல "குவாலிட்டியான கம்பெனிங்ககிட்ட மட்டும்"னு எழுதினீங்க பாருங்க, அது அந்த மெக்கானிக் கடை இலக்கணம் அப்படியே இங்கிலீஷ்ல ஏறி உக்காந்துக்கிட்டது.

சாமானோட நின்னிருந்தா பரவால்ல, அது மனுஷங்க மேல ஏறிடுச்சு. "லோக்கலா பேசாத", "அவன் செம லோக்கல்", "தர லோக்கல்". இதுல லோக்கலுக்கு எதிர்ச்சொல் என்ன? ‘டீசன்ட்’. ஒரு பேட்டைல பொறந்து வளந்து அந்தப் பேட்டை மொழி பேசறவங்களை டீசன்ட் இல்லாதவங்கன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடறோம். என் கிளாஸ்க்கு சென்னை வியாசர்பாடிலேர்ந்து ஒரு பையன் வந்தான், நல்ல டிசைன் எஞ்சினியர், முதல் நாள் அறிமுகத்துல இங்கிலீஷ்ல "ஐ ஆம் வெரி லோக்கல், மேடம்"னு மன்னிப்புக் கேக்கற மாதிரி சொன்னான். எனக்கு நெஞ்சு கனத்துப்போச்சு. இங்கிலீஷ்ல அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே இல்லப்பா, யாரும் வெரி லோக்கலா இருக்க முடியாது, "நான் இந்த ஊர்க்காரன்"னு மட்டும்தான் அது கேக்கும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப நான் கோயம்புத்தூர்ல லோக்கலே இல்ல மேடம்"னான். சரியாப் புரிஞ்சுக்கிட்டான்.

இப்படி இடப்பேரைத் திட்டா ஆக்கறது தமிழுக்கு மட்டும் உள்ள பழக்கம்னு நெனைச்சுடாதீங்க, இங்கிலீஷ்காரங்க நமக்கு மேல பண்ணியிருக்காங்க. வில்லன்ங்கற வார்த்தை பண்ணைல வேலை செஞ்ச கிராமத்து ஆளைக் குறிச்சது, பேகன்ங்கறது லத்தீன்ல நாட்டுப்புறத்தான், ‘பரோக்கியல்’னா சர்ச் வட்டத்தைச் சேர்ந்ததுன்னு இருந்தது குறுகின புத்தின்னு ஆச்சு, ‘ப்ரொவின்ஷியல்’னா தலைநகரத்துல இல்லாதவன், அதனால விவரம் தெரியாதவன். நகரத்துச் சொல்லான ‘அர்பேன்’ மட்டும் நாகரிகமானவர்னு உசந்துடுச்சு. நாமும் பட்டிக்காடுன்னு திட்டறோம்ல. லோக்கல் மட்டும் இங்கிலீஷ்ல பெரும்பாலும் இந்த விபத்துலேர்ந்து தப்பிச்சுக்கிச்சு, பிரிட்டன்ல ஒருத்தர் "மை லோக்கல்"னு சொன்னா தெருமுனைல இருக்கற தன்னோட வழக்கமான பப், அதுல பாசம்தான் இருக்கும். ஒரே ஒரு இடம் பாத்து நடக்கணும், ‘தி லோக்கல்ஸ்’னு பெயர்ச்சொல்லா போடும்போது. சுற்றுலா வந்தவர் மேலேர்ந்து வேடிக்கை பாக்கற தொனி அதுல சிலசமயம் வந்துடும். மெயில்ல ‘லோக்கல் ரெசிடென்ட்ஸ்’, ‘பீப்பிள் இன் த ஏரியா’ன்னு எழுதினா நல்லது. நம்ம பேப்பர்ல வர்ற ‘லோக்கலைட்’டை இந்தியாவுக்கு வெளிய அனுப்பாதீங்க, அது இங்க மட்டும் ஓடற காசு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு, தமிழ்லயே இதுக்கு ஒரு மாத்து இருக்கு. ‘நாட்டு’ன்னு ஒரு அடைமொழி. நாட்டுக்கோழி, நாட்டுமாடு, நாட்டுச்சர்க்கரை, நாட்டுத்தக்காளி. பொருள் பாத்தா லோக்கலும் நாட்டும் ஒண்ணுதான், இந்த மண்ணைச் சேர்ந்தது. ஆனா ‘லோக்கல் முட்டை’ன்னு எழுதிப்போட்டா ஒருத்தரும் வாங்கமாட்டாங்க, ‘நாட்டு முட்டை’ன்னா ரெண்டு மடங்கு குடுத்து வாங்கறாங்க. இதோட பழைய எதிர்ச்சொல் சீமை, அதாவது வெளிநாடு. சீமைக்குப் போய்ப் படிச்சவர்னா பெருமையா இருந்த காலம் போய், இன்னிக்கு சீமைக்கருவேலம்னா தண்ணியை உறிஞ்சற களைன்னு வெட்டித் தள்றோம். ஜோடில எது உசத்திங்கறது காலத்தோட திரும்பிக்கும்ங்கறதுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கெடைக்கல. நாட்டுக்கோழியை மெயில்ல ‘கன்ட்ரி சிக்கன்’னு எழுதினா வெளிநாட்டவர் ஏதோ கிராமத்து சமையல்னு எடுத்துக்குவார், ‘நேட்டிவ் பிரீட்’னு சொன்னா புரியும்.

ரீஜனலுக்கும் லோக்கலுக்கும் வித்தியாசம் கேட்டீங்க. ரீஜனல் ஒரு சைஸ் பெருசு. அனஸ்தீசியாலயே இதுக்கு உதாரணம் இருக்கு, ஒரு எடம் மட்டும் மரத்தா லோக்கல், சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மொத்தமா மரத்துப்போக வெச்சா அது ரீஜனல், முழு ஆளும்னா ஜெனரல். ஆபீஸ்லயும் அதே படிதான், பிராஞ்சுக்கு மேல ரீஜனல் ஆபீஸ். தமிழ்ல வட்டாரம்னு சொல்றது இதைத்தான், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மாதிரி. ஆனா ரீஜனல்னு சொன்னாலே அதுக்கு மேல ஒரு முழுசு இருக்கு, இது அதுல ஒரு துண்டுங்கற பார்வை உள்ளுக்குள்ள இருக்கும். அதனாலதான் தமிழை ‘ரீஜனல் லேங்குவேஜ்’னு எழுதும்போது எனக்கு மனசு ஒப்பறதில்ல, 2004லயே செம்மொழின்னு அறிவிச்ச மொழி, நாலு நாட்டுல பேசற மொழி, சும்மா ‘தமிழ்’னே எழுதலாமே. ‘வெர்னாகுலர்’ இன்னும் மோசம், லத்தீன்ல வீட்டுலயே பொறந்த அடிமைக்கு இருந்த பேர்லேர்ந்து வந்தது, 1878ல இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்கக் கொண்டுவந்த சட்டத்துக்கே அந்தப் பேர்தான். நேட்டிவ்னா பொறப்பு சம்பந்தப்பட்டது, எங்க இருந்தாலும் மாறாது. நீங்க மதுரைல பொறந்து ஹோசூர்ல இருந்தா ஹோசூர்ல லோக்கல் ஆயிடலாம், ஆனா நேட்டிவ் மதுரைதான். அதுக்காக "வாட் இஸ் யுவர் நேட்டிவ்"னு கேக்காதீங்க, ‘ஹோம் டவுன்’னு கேளுங்க, வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துல ‘நேட்டிவ்ஸ்’னு நம்மளைக் கூப்ட்ட தழும்பு அந்தப் பெயர்ச்சொல்ல இன்னும் இருக்கு. டொமஸ்டிக்னா நாட்டுக்குள்ளன்னு மட்டும், ஏர்போர்ட்ல பாத்தது போதும்.

நாடு மாறினா சட்ட அர்த்தமும் மாறும்ங்கறதை மட்டும் தொட்டுட்டுப் போறேன், ஏன்னா உங்க கம்பெனி சிங்கப்பூருக்கும் சப்ளை பண்றதா எழுதியிருந்தீங்க. அங்க வேலை வாய்ப்புப் புள்ளிவிவரத்துல லோக்கல்னா குடிமக்களும் பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற உரிமை, வாங்கினவங்களும், எதிர்ச்சொல் ஃபாரினர். இலங்கைல பிள்ளைங்க லோக்கல் சிலபஸா லண்டன் சிலபஸாங்கறது தகப்பன்மார் பேச்சு. பக்கத்துல ஆந்திரா, தெலங்கானால லோக்கல், நான்-லோக்கல் கேண்டிடேட்ங்கறது அரசியலமைப்பு 371டி வழியா வந்த ஒதுக்கீட்டுக் கணக்கு. நம்மூர்ல கலெக்டர் விடற லோக்கல் ஹாலிடே இருக்கு, அழகர் ஆத்துல எறங்கற அன்னிக்கு மதுரைல, சதய விழாவுக்குத் தஞ்சாவூர்ல விடறாங்களே, அது 1881ம் வருஷத்து செலாவணி முறிச் சட்டத்துக்குக் கீழ வராதுன்னு அறிவிப்புலயே போட்டிருக்கும். அதாவது அந்த ஊர்ல கூட பேங்க்குக்கு அது கட்டாய லீவு இல்ல, மத்த ஊர்ல எல்லாம் அன்னிக்கு வேலை நாள், அதனால டெலிவரி தேதி குடுக்கறப்போ ‘பப்ளிக் ஹாலிடே’ன்னு மொத்தமா எழுதாம எந்த மாவட்டத்துக்கு லீவுன்னு சொல்லிடுங்க.

இப்ப உங்க மெயிலுக்கு வருவோம். மன்னிப்பெல்லாம் நீட்டி எழுத வேணாம். ‘லோக்கல்’ங்கற வார்த்தையை நான் தப்பா எடுத்துக்கிட்டேன், எங்க காஸ்டிங் எல்லாம் இந்தியால இருக்கற, தரச்சான்று வாங்கின சப்ளையர்கிட்டேர்ந்துதான் வருது, பெரும்பாலானவங்க ஃபேக்டரிலேர்ந்து இத்தனை கிலோமீட்டருக்குள்ள இருக்காங்க, லீட் டைம், அதாவது ஆர்டர் குடுத்ததுலேர்ந்து சாமான் கைக்கு வர்ற காலம், இத்தனை நாள்னு நாலே வரி போதும். கிலோமீட்டரையும் நாளையும் எண்ணாவே எழுதுங்க, அவர் கேட்டது அதைத்தான். உங்க ஆள் சுத்தமான வேலை பண்றவர்னு சொல்லணும்னா அதுக்கு சான்றிதழ் பேரைப் போடுங்க, ஊர் பேரால தரத்தைச் சொல்லவும் வேணாம் மறைக்கவும் வேணாம். அடுத்த மெயில்ல அவர் ‘லோக்கல் கன்டென்ட்’, அதாவது பொருள்ல உள்நாட்டு மதிப்பு, எத்தனை பர்சன்ட்னு கேக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அது மொழிக் கேள்வி இல்ல, கணக்குக் கேள்வி, வாய்க்கு வந்ததைப் போடாம உங்க கம்பெனில செலவுக் கணக்கு பாக்கறவங்க, ஃபைனான்ஸ் ஆளுங்களோட உக்காந்து எந்தெந்த பார்ட் இறக்குமதி, அதோட மதிப்பு என்னன்னு பிரிச்சு எடுத்துக்கிட்டு அப்பறமா பதில் அனுப்புங்க.